காற்றுக் கம்பத்துக்குப் போட்ட மாலை

அஜந்தனுக்கு உட்காரத் தெரியாது. பெற்றவள் அப்படிப் பெற்றாளோ, கண்டி மஹய்யாவத் தண்ணீர் அப்படியோ, பிறந்த நாளிலிருந்து அவனுடைய பின்பக்கம் கதிரையில் ஒட்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் வாங்கின் மேல் ஏறி நிற்கச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் அழும். அவன் சிரிப்பான். நிற்பதற்குக் காரணம் கிடைத்ததே என்று.

அப்படிப்பட்டவனைக் கதிரையில் உட்காரவைத்துத்தான் கடவுள் வேடிக்கை பார்த்தார்.

கம்பத்தில் ஏறுகிற பழக்கம் அவனுக்குக் கோயிலில் வந்தது. தேர் மஹய்யாவத் தெருவில் வரும்போது குறுக்கே கம்பிகள் தொங்கும். நீளக் கவைக் கம்பால் அதைத் தூக்கிப் பிடித்தால்தான் தேரின் முடி தப்பும். பெரியவர்கள் கவைக் கம்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இவன் மதிலில் ஏறி, மதிலிலிருந்து மரத்தில் ஏறி, கம்பிக்குப் பக்கத்தில் குரங்கு மாதிரி உட்கார்ந்திருப்பான். கரண்ட் கந்தோரில், மின்சார ஆபீஸில், வேலை செய்கிற ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "இவன் எப்படியும் ஒரு நாள் கரண்ட் அடிச்சுச் சாகப் போறான், அதுக்குச் சம்பளமாச்சும் வாங்கட்டும்" என்று சொல்லிக் கூட்டிப்போனான். அங்கே அஜந்தன் முதலில் குழி தோண்டினான். பிறகு கயிறு பிடித்தான். பிறகு ஏறினான். ஏறிய பிறகு இறங்க மனம் வரவில்லை. மேலே நிற்கும்போது மட்டும்தான் அவன் கால் சும்மா இருந்தது.

கம்பி வேலை செய்யும் கேங்குக்குத் தலைவர் கெலிஓயாக்காரர் ரஸீன். இவனைவிட வயதில் மூத்தவர், இவன் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவர், ஐந்து வேளையும் தொழுகிறவர், கோபம் வந்தால் வாய் மட்டும் தொழுகையை மறந்துவிடும். அஜந்தன் மேலே என்றால் ரஸீன் கீழே கயிற்றோடு நிற்பார். ரஸீன் மேலே என்றால் இவன் கீழே. புருஷன் பெண்டாட்டி கூட அப்படி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

பெண்டாட்டி சுபாஜினி தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அமைதியானவள். வீட்டில் இருந்த பேச்சு முழுவதையும் அவளுடைய தாய் ரத்தினம்மா எடுத்துக்கொண்டதால் மகளுக்கு மிச்சம் கிடைக்கவில்லை. ரத்தினம்மா புருஷனைப் பறிகொடுத்து, மேட்டு லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தாள். அந்தக் காம்பராவின் கூரையில் ஒரு தகரம் ஆணி கழன்று கிடந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை அதை அடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்தான். தாலி கட்டுகிற நேரத்தில் எவன்தான் வாக்குக் கொடுக்கமாட்டான்?

தகரம் அப்படியே கிடந்தது. மருமகனிடம் மரியாதை குறையாமல், 'ங்க' போட்டே வெட்டுவாள் ரத்தினம்மா.

"மாப்புள, கம்பத்துல எல்லாம் ஏறுறீங்களாம். நம்ம கூரை அதவிட ஒசரமோ?"

பிறகு அவன் விழுந்தான்.

தெல்தோட்டைக்கு மேலே மலை ஒரு இடத்தில் மடிந்து கிடக்கிறது. கம்பி அந்த மடிப்புக்குள் இறங்கி ஏறுகிறது. உள்ளே நின்றால் இலை அசையாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் பேய்க்காற்று அடித்தாலும் இந்தப் பக்கம் தெரியாது. காற்று மேட்டைத் தாண்டி விழுகிறபோதுதான் தெரியும், தெரிந்த பிறகு இறங்க நேரமிருக்காது. அன்றைக்குக் கண்டி டவுனில் வெயில். ரேடியோவும் வெயில் என்றது. மடிப்புக்குள்ளும் வெயில். ஒரே வீச்சில் டர்பன்டைன் மரக் கிளை முறிந்து கம்பியில் விழுந்தது, கம்பி வில் மாதிரி துள்ளியது, பெல்ட் அறுந்தது. கீழே நின்ற ரஸீனின் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. அவர் விடவில்லை. விட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். தொடையில் இரும்புத் தகடு வைத்து அஜந்தனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கந்தோரில் என்ஜினியர் ஆஸிகா மிஸ். சின்ன வயது, மெல்லிய குரல், ஆனால் பிடித்தால் உடும்பு. "டவுன் வானத்தப் பாத்து மலையில ஆளேத்தக் கூடாது. மலையிலேயே ஒரு கண் வேணும்" என்று மேலிடத்தைக் குடைந்து குடைந்து, மேட்டின் உச்சியிலுள்ள சப்ஸ்டேஷன் முற்றத்தில் ஒரு கம்பம் நட வைத்தாள். உச்சியில் காற்றுக்குச் சுழலும் மூன்று சின்னக் கோப்பைகள். அதற்குப் பக்கத்தில் காற்று வரும் திசைக்குத் திரும்பும் ஒரு வால். இடுப்பளவில் மழையை அளக்கும் வாளி. அது அளப்பதெல்லாம், கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடி, கண்டிக் கந்தோரில் ஒரு ஸ்கிரீனில் வரும். சாந்தமென்றால் பச்சை, கவனமென்றால் மஞ்சள், சிவப்பு வந்தால் மலையில் யாரும் கம்பத்தில் இருக்கக் கூடாது. அந்தச் சட்டத்துக்கு மேல் பேச்சில்லை.

ஸ்கிரீனைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். கால் போனவன் ஒருவன் இருந்தான்.

அன்றிலிருந்து அவன் பட்ட பாடு. ஸ்கிரீனைப் பார்ப்பான், எழுவான், ஜன்னலுக்குப் போவான், வருவான், உட்காருவான், எழுவான். தகடு வைத்த கால் நிலத்தில் இழுபடும். அதே அறையில் முறைப்பாட்டுப் போன் எடுக்கும் நிஷாந்திக்குப் பொறுக்காது.

"அண்ணே, கொஞ்சம் குந்துங்க. ஒங்களப் பாத்தே எனக்கு மயக்கம் வருது."

"குந்தித்தானே இருக்கேன்."

"அது குந்துறதா? கோழி முட்டை போட எடம் தேடுற மாதிரி இருக்கு."

கேங்கில் அவனுக்கு 'மழைக்காரன்' என்று பெயர் வைத்தார்கள். அதிலும் ஒரு கேலி. ஸ்கிரீன் போதாதென்று அவன் தினமும் மாமியாருக்குப் போன் பண்ணுவான். அவளுடைய லயம் அந்தக் கம்பத்துக்குக் கீழேதான்.

"அத்தை, அங்க காத்து எப்படி?"

"காத்தா? தகரம் பறக்குது மாப்புள. நான் வீட்டுக்குள்ள கொட புடிச்சிக்கிட்டு சோறு பொங்குறேன். ஒங்களுக்கு என்ன, கண்டியில காத்தாடி போட்டுக்கிட்டு இருக்கீங்க."

வெயிலடித்தாலும் தகரம் பறக்கும். பனி விழுந்தாலும் தகரம் பறக்கும். அந்தத் தகரம் பறந்த கணக்குக்கு இந்நேரம் இந்தியாவுக்கே போயிருக்க வேண்டும். அதனால் அவள் சொல்வதில் பாதியைத் தள்ளி, மீதியையும் தள்ளிவிட்டு ஸ்கிரீனைப் பார்ப்பான். அப்படியிருந்தும் மறுநாள் போன் பண்ணுவான். பண்ணாவிட்டால் கை அரிக்கும்.

ஒக்டோபரில் ஆயுத பூசை வந்தது. கரண்ட் கந்தோரில் அது பெரிய நாள். ஏணி, கயிறு, குறடு, பெல்ட், லொறி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போடுவார்கள். ரஸீன் படைத்ததைத் தொடமாட்டார். ஆனால் அவருக்கென்று படைக்காத கடலையைத் தனிச் சட்டியில் எடுத்து வைப்பது வழக்கம், அதை ஒரு பருக்கை விடமாட்டார்.

எல்லோரும் தங்கள் தங்கள் சாமானைக் கொண்டுவந்து வைத்தார்கள். அஜந்தனுக்கு வைக்க ஒன்றுமில்லை. அவனுடைய பெல்ட் அறுந்து போனது. குறடு வேறொருவன் கையில் இருந்தது. கதிரைக்கா பொட்டு வைப்பது? சட்டியும் கையுமாக ரஸீன் சிரித்தார்.

"மச்சான், ஒன்ட சாமான் மேட்டுல ஈக்கே. அதுக்கு வையேன்."

மேட்டில் இருக்கிற காற்றுக் கம்பத்தை விளையாட்டாகச் சொன்ன பேச்சு. அவன் அதைப் பிடித்துக்கொண்டான். லொறியில் ஏறி மேட்டுக்குப் போனான். அந்தக் கம்பத்துக்கு அடியில் கீல் உண்டு. கயிற்றை இளக்கினால் ஆள் மாதிரி படுத்துவிடும். கழுவித் துடைப்பது அவன் வேலை என்பதால் படுக்கவைக்கத் தெரியும். சுபாஜினி குழைத்துக் கொடுத்த சந்தனத்தை மூன்று கோப்பைக்கும் வைத்தான். வாளியின் விளிம்பைச் சுற்றி வைத்தான். கோப்பைகளுக்குக் கீழே, கழுத்து மாதிரி இருந்த இடத்தில், வாழைநாரில் கட்டிய செவ்வந்தி மாலை. கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுகிற கனத்தில் இருந்தது. சூடம் காட்டிவிட்டுக் கம்பத்தை நிமிர்த்தினான். "என் ஆளுங்கள நீதான் பாத்துக்கணும்" என்று வாய்விட்டே சொன்னான். கும்பிட்டவனைக் குறை சொல்ல முடியாது. கும்பிட்ட கையோடு மாலையைக் கழற்றியிருக்கலாம். கழற்றினால் அபசகுனம் என்று விட்டுவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு ஸ்கிரீன் பச்சையாகவே இருந்தது. காலையில் பச்சை, மதியம் பச்சை. ஒக்டோபர் என்றால் மலைநாட்டில் பின்னேரமானால் இடியும் மின்னலுமாகக் கொட்டுகிற மாதம். ஒரு துளி மழையில்லை, காற்றுமில்லை என்றது ஸ்கிரீன். மேட்டுப் பக்கம் போகாமல் கீழ்ச் சரிவுகளில் வேலை செய்த கேங்குக்குச் சந்தோஷம். தடங்கலில்லாமல் வேலை ஓடியது.

"அம்பாள் கண்ணத் தொறந்துட்டா" என்றார்கள். "மழைக்காரன் போட்ட மாலைக்குத்தான் இந்தப் பலன்" என்று முதுகில் தட்டினார்கள். ஆஸிகா மிஸ் கூட எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லம்தானே" என்று போனாள்.

அவனுக்கு மட்டும் உள்ளே என்னமோ ஓடிக்கொண்டே இருந்தது. சாமி கேட்டதைக் கொடுத்தால் மனிதனுக்குத் தூக்கம் வர வேண்டும். இவனுக்குச் சோறே இறங்கவில்லை. "என்னாங்க?" என்று சுபாஜினி கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பான். ஒன்றுமில்லாததுதான் அவனைத் தின்றது.

பூசை முடிந்து ஒரு வாரத்தில், ஒரு நாள் காலையிலேயே தெல்தோட்டைப் பக்கம் கரண்ட் போய்விட்டது. மடிப்புக்குள் ஒரு கம்பி அறுந்திருந்தது. ரஸீன் கேங்கோடு போனார். நிஷாந்தியின் போன் நிற்கவில்லை. கடைக்காரன் ஐஸ்பெட்டி கரைகிறது என்றான். தொழிற்சாலைக்காரன் கொழுந்து வாடி நாறுகிறது என்றான். எல்லோருக்கும் அவள், "பின்னேரத்துக்குள்ள வந்துரும்ங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குப் பிறகு வோக்கி டோக்கியில் ரஸீன் கேட்டார். "மேல என்ன சொல்லிய மச்சான்?"

"பச்சை நானா."

"அப்ப ஏறிய."

ரஸீனும் இன்னொருவனும் ஏறினார்கள். அஜந்தன் எழுந்தான், ஜன்னலுக்குப் போனான், வந்தான். மாமியாருக்குப் போன் பண்ணினான்.

"அத்தை, காத்து இருக்கா?"

"மாப்புள, தகரம் பறக்குது!"

"எப்பவும் பறக்குறதுதானே அத்தை."

"ஐயோ, நெசமா பறக்குதுன்றேன்! சத்தம் கேக்கலயா ஒங்களுக்கு? காது என்ன..."

லைன் அறுந்துவிட்டது. அவன் போனைக் கையில் பிடித்தபடி நின்றான். ஸ்கிரீன் பச்சை. கிழவி எப்போதும் சொல்கிறதைத்தான் சொன்னாள். ஆனால் குரல் வேறு. எப்போதும் குத்துவதற்குப் பேசுகிறவள், இன்றைக்குக் குத்தவில்லை. பயந்திருந்தாள்.

அவன் ஸ்கிரீனுக்கு முன்னால் குனிந்தான். நிறத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தான். கோப்பைகள் சொன்னது: காற்றே இல்லை, வேர்வை ஆற்றுகிற அளவுகூட. பக்கத்தில் அந்த வால் எந்தத் திசைக்குத் திரும்புகிறது என்று காட்டும் அம்பு, பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது. வடக்கு, மேற்கு, தெற்கு, மறுபடி மேற்கு. ஒரு இடத்தில் நிற்கவில்லை.

காற்றில்லாமல் வால் எப்படி ஆடும்?

வால் ஆடுகிறது. கோப்பை சுற்றவில்லை. கோப்பைக்கு ஏதோ ஆகியிருக்கிறது. என்ன ஆகும் கோப்பைக்கு? அங்கே காக்கை கூடக் குந்தாது. அங்கே போனவன் ஒரே ஒருவன்.

வாழைநார். ஈரத்தில் இளகும், வெயிலில் காய்ந்தால் இறுக்கும். பூவெல்லாம் உதிர்ந்து, நார் மட்டும் காற்றில் மேலே ஏறிக் கோப்பையின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு... உதிர்ந்த பூ எங்கே விழுந்திருக்கும்? நேர் கீழே, மழை வாளியில். மழையில்லை என்று ஏன் சொன்னது என்று தெரிந்துவிட்டது. அம்பாள் கண்ணைத் திறக்கவில்லை. இவன்தான் கம்பத்தின் கண்ணைக் கட்டிவிட்டு வந்திருக்கிறான்.

வோக்கியை எடுத்தான்.

"நானா, எறங்குங்க."

"ஏன்? செவப்பு வந்திட்டா?"

"இல்ல."

"மஞ்சளா?"

"பச்சைதான். ஆனா எறங்குங்க நானா."

"பைத்தியமா ஒனக்கு? இங்க ஒரு இல அசையல்ல. இன்னம் ஒரு கம்பி மட்டும்தான் ஈக்கி. அதக் கட்டிட்டு வாறேன். கதிரையில குந்தி மூள காஞ்சி போச்சி மச்சான் ஒனக்கு."

சிரிப்புச் சத்தம் கேட்டது. வோக்கி எல்லோருக்கும் பொது. லொறிக்காரன் கேட்பான், கேங்கு முழுக்கக் கேட்கும், பக்கத்து அறையில் ஆஸிகா மிஸ்ஸின் மேசையிலும் ஒன்று இருக்கிறது. அவளுடைய கம்பத்தை இவன் கெடுத்துவிட்டான் என்பது சொன்ன நிமிஷமே அவள் காதில் விழும். கால் போனவனுக்குக் கிடைத்த ஒரே கதிரை. மெல்லவும் முடியாத, துப்பவும் முடியாத நேரம்.

"பச்சை பொய் நானா!" என்று கத்தினான்.

"மெஷின் பொய் சொல்லுமா?"

"மெஷின் சொல்லல. நான் சொல்ல வச்சுட்டேன். பூசைக்குப் போட்ட மாலை இருக்குல்ல, நான் அதக் கழட்டல. நாரு கோப்பையப் புடிச்சிருச்சு. கோப்பை சுத்தவே இல்ல. ஒரு கெழமையா நாம பாத்ததெல்லாம் பொய்யி. மேட்டுல பேய்க்காத்து அடிக்குது நானா, எங்க அத்தை லயத்துல அடிக்குது. ஒங்க புள்ளைங்க மேல ஆணை, எறங்குங்க!"

ரஸீன் ஒரு வார்த்தை சொன்னார். அதை எழுத முடியாது. பிறகு பாவமன்னிப்புக் கேட்டிருப்பார். அந்த வார்த்தைக்குப் பின்னால், "டேய், எறங்குடா! சாமானெல்லாம் விடு, எறங்கு!" என்று மேலே இருந்த மற்றவனைப் பார்த்துக் கத்துவது கேட்டது.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அஜந்தன் கூப்பிட்டான். பதில் இல்லை. அறையை ஒரு முறை சுற்றினான். கதிரையைத் தள்ளினான். ஜன்னல், ஸ்கிரீன், ஜன்னல். ஸ்கிரீன் பச்சையாகச் சிரித்தது. அதைப் பார்த்து அடிக்கக் கை ஓங்கிவிட்டு இறக்கினான். நிஷாந்தியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. குந்துங்க என்றும் சொல்லவில்லை. வாசலில் ஆஸிகா மிஸ் தன்னுடைய வோக்கியோடு வந்து நின்றாள். அவன் தகட்டுக் கால் நிலத்தில் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"மச்சான்." ரஸீனின் குரலில் மூச்சு வாங்கியது. பின்னால் லொறியின் கூரையில் மழை கல் மாதிரி விழுந்தது. "லொறிக்குள்ள ஈக்கிறோம். எல்லாரும். கேக்குதா? எல்லாரும்."

அஜந்தன் அங்கேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் சொல்லாமல்.

காற்று மேட்டைத் தாண்டி விழுந்ததும் டர்பன்டைன் மரம் ஒன்று வேரோடு சாய்ந்து அடுத்த கம்பியில் விழுந்தது. ரஸீன் ஏறியிருந்த கம்பம் குடிகாரன் மாதிரி சாய்ந்து நின்றது. ஆள் மேலே இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு ஊரெல்லாம் வாதம் பண்ணியது. ஒன்றும் ஆகியிருக்காது என்று சொன்னவனும் உண்டு. அப்படிச் சொன்னவன் எவனும் ஏறுகிறவன் இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஆஸிகா மிஸ் அவனைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனாள். கம்பத்தைப் படுக்கவைத்தார்கள். நார் கோப்பையின் கழுத்தில் கயிறாக முறுகியிருந்தது. வாளியின் ஓட்டையில் அழுகிய செவ்வந்தியும் காய்ந்த சந்தனமும் சீமெந்து பூசிய மாதிரி இறுகிக் கிடந்தன. அவள் அதைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள்.

"சந்தனம் கொழச்சது யாரு?"

"எங்க வீட்டுலங்க மிஸ்."

"நல்லாக் கொழச்சீக்காங்க. இரும்பாட்டம்."

அவன் தலை குனிந்து நின்றான். "கதிரைய விட்டுடவாங்க மிஸ்?"

அவள் நாரைக் கத்தரித்து அவன் கையில் வைத்தாள். "நேத்து ஆளுக எறங்கினதால நான் பேசாம நிக்கிறேன். இல்லாட்டி ஒங்க மூஞ்சியிலயே முழிச்சீக்கமாட்டேன். ஒக்டோபர் மாசத்துல ஒரு கிழமை மழையில்ல எண்டா நானும்தான் பாத்துட்டு நல்லம் எண்டேன். எனக்கும் வெட்கம்தான். பூசைய வேணாம் எண்டு சொல்லல்ல. அடியில வைங்க. தலையில வைக்காதீங்க. கதிரை எங்கயும் போகாது."

மேட்டிலிருந்து கீழே பார்த்தால் லயம் தெரிந்தது. கடைசிக் காம்பராவின் கூரையில் ஓர் ஓட்டை கறுப்பாகத் தெரிந்தது. அந்தத் தகரம் உண்மையிலேயே பறந்து தேயிலைக்குள் கிடந்தது.

அடுத்த லீவு நாளில் ரஸீனும் அவனும் போனார்கள். ரஸீன் மேலே ஏறி ஆணி அடித்தார். அஜந்தன் கீழே நின்று ஏணியைப் பிடித்தான். ரத்தினம்மா தேத்தண்ணீரோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"மாப்புள, கல்யாணம் முடிஞ்சி புள்ளைக பள்ளிக்கூடம் போன பெறகாச்சும் வந்தீங்களே."

"இதுக்குத்தான் அத்தை. தகரம் கழண்டு கெடந்தா நீங்க சொல்றத நம்ப முடியல. இனி நீங்க காத்துன்னா நான் காத்துன்னு எடுத்துக்குவேன்."

"அப்ப இத்தன நாளா நான் சொன்னது பொய்யின்னு இருந்தீங்களா?"

மேலேயிருந்து ரஸீன் சொன்னார். "உம்மா, நீங்க சொன்னதுலதான் நான் உசுரோட ஈக்கிறேன்."

கிழவிக்கு ஒரு தடவை வாய் அடைத்துப்போயிற்று. அதைப் பார்க்கிற பாக்கியம் மருமகனுக்குக் கிடைத்தது. நீடிக்கவில்லை. "அப்ப அந்த மூலையிலயும் ரெண்டு ஆணி சேத்து அடிங்க" என்றாள்.

மறுவாரம் மலையில் மேகம் கட்டியது. ஸ்கிரீன் மஞ்சளுக்குப் போனது. அஜந்தன் கேங்குக்குச் சொல்லிவிட்டு, சரி பார்க்க மாமியாருக்குப் போன் பண்ணினான். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி பண்ணினான். கடைசியில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல்.

"என்னாங்க மாப்புள?"

"அங்க காத்து எப்படி அத்தை?"

"எனக்கெப்படித் தெரியும்? தகரம் சத்தமே போடல. நிம்மதியாத் தூங்குறேன். நீங்க ஒங்க கண்ணாடிப் பொட்டியப் பாருங்க."

வைத்துவிட்டாள்.

"இப்ப குந்துங்கண்ணே" என்றாள் நிஷாந்தி.

அவன் உட்காரவில்லை. ஸ்கிரீனுக்கு முன்னால் நின்று, நிறத்தை விட்டுவிட்டு, அந்த அம்பு ஆடுகிறதா, கோப்பை அதற்கேற்றபடி சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றான்.